பனிமலையில் பாபர்

மார்கழி வைகறையில் நெமிலி வயல்களின்மீது பனி படரும்போது, ஒரு கம்பளிப் போர்வையும் சூடான தேநீரும் நம் குளிரைப் போக்கிவிடுகின்றன. ஆனால் மார்பளவு பனியில் பல நாள் நடந்து, வெட்டவெளியில் இரவைக் கழித்து உயிர் மீண்டோரும் வரலாற்றில் உளர். அவருள் ஒருவரைப் பானிப்பட்டுப் போர்க்களத்தோடு மட்டுமே இணைத்து நாம் நினைவுகொள்கிறோம். அவரே முகலாயப் பேரரசை நிறுவிய சகீருத்தீன் முகம்மது பாபர்.

1483ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் அந்திசானில் பிறந்த பாபர், தந்தை உமர் ஷேக் மிர்சாவை 1494இல் இழந்து, பதினோராம் அகவையில் பர்கானாவின் அரசரானார். சமர்கந்தை வென்றும் இழந்தும், உஸ்பெக்கியத் தலைவர் ஷைபானி கானால் துரத்தப்பட்டும் அலைந்தவர், 1504இல் காபூலைக் கைப்பற்றினார். ஷைபானியை எதிர்க்கும் பொருட்டு 1506இல் ஹிராத் நகரின் தைமூரிய இளவரசர்களிடம் சென்றார். அங்கே விருந்துக்குக் குறைவில்லை. போருக்கான முனைப்புத்தான் இல்லை. எனவே டிசம்பர் இறுதியில் காபூலுக்குத் திரும்பலானார்.

காந்தகார் வழி நெடியது, ஆயினும் இடரற்றது. மலைவழி குறுகியது, குளிர்காலத்தில் கொடியது. மூத்த தளபதி காசிம் பேக் மலைவழியையே வற்புறுத்தினார், பாபரும் இசைந்தார். சில நாளில் பனி வழியை மறைத்தது; வழிகாட்டியும் திசை தவறினான். தம் சொல்லால் வந்த இடரெனக் கருதிய காசிம் பேக், தம் மக்களோடு குதிரையினின்று இறங்கிப் பனியை மிதித்துப் பாதை சமைத்தார். பாபரும் இறங்கி அவரோடு மிதித்தார். முன்செல்பவர் இடுப்பளவும் மார்பளவும் புதைந்து, ஏழெட்டுக் கசம் நகர்ந்ததும் களைத்து நிற்பார். அடுத்தவர் அவரிடத்தை ஏற்பார். பின்னர் ஆளில்லாக் குதிரையை அவ்வழியே இழுத்துச் செல்வர். எவரையும் பாபர் இப்பணிக்குக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு வாரம் இவ்வாறே கழிந்தது. ஒரு நாள் முழுதும் உழைத்தும் இரண்டு மூன்று மைலுக்குமேல் கடக்க இயலவில்லை.

சிர்ரின் கணவாயின் அடிவாரத்தை அடைந்த அன்று கடும் பனிப்புயல் வீசியது. அங்கே ஒரு குகை இருந்தது. அது சிறியதென எண்ணியதால், பாபரை மட்டும் உள்ளே செல்லுமாறு வேண்டினர். வீரர் வெளியே வாட, தாம் உள்ளே உறங்குவது முறையன்று என அவர் மறுத்தார். மண்வாரி ஒன்றை வாங்கிக் குகை வாயிலில் தொழுகை விரிப்பளவு இடத்தில் பனியைத் தோண்டினார். மார்பளவு தோண்டியும் தரை தென்படவில்லை. ஆயினும் அப்பள்ளம் காற்றைத் தடுத்தது. உடலின் வெப்பத்தை விரைந்து கவர்வது காற்றே ஆதலின், பனியே பனிக்கு அரணாயிற்று. இஷா தொழுகை வேளைவரை அவர் அதில் அமர்ந்திருந்தார். தலைமீது நான்கு விரற்கடைப் பனி படிந்தது. செவிகள் குளிரால் தாக்குற்றன. அப்போதுதான் குகையை ஆராய்ந்தோர் அது அனைவர்க்கும் போதுமெனக் கண்டனர். பாபர் பனியை உதறி எழுந்து, அருகிருந்தோரையெல்லாம் அழைத்துக்கொண்டு உள்ளே சென்றார். கையிலிருந்த உணவை அனைவரும் பகிர்ந்துண்டனர்.

மறுநாள் கணவாயைக் கடந்தனர். ஆயினும் குளிர் தன் விலையைப் பெறாமல் விடவில்லை. கைகளை இழந்தோரும் கால்களை இழந்தோரும் இருந்தனர். யக்கவ்லாங் சிற்றூரார் கதகதப்பான வீடுகளும் கொழுத்த ஆடுகளும் தந்து எஞ்சியோரைப் பேணினர்.

அன்று பாபருக்கு வயது இருபத்து மூன்று. 1526இல் பானிப்பட்டில் வென்று, 1530 டிசம்பர் 26ஆம் நாள் ஆக்ராவில் மறைந்தார். இவ்வரலாற்றைத் தம் தாய்மொழியாம் துருக்கியில் அவரே பாபர்நாமாவில் எழுதிவைத்தார். கைகால் இழந்த வீரர்தம் பெயர்களையும் மறவாது குறித்தார். பேரரசரின் ஏட்டில் அவ்வெளியோர் பெயர் நிலைபெற்றதை, பானிப்பட்டு வெற்றிக்குச் சற்றும் குறையாத பெருமையாகவே நாம் கருதுகிறோம்.