மறதி நோயின் மர்மத்தைக் கண்டவர்

சில வீடுகளில் வயதான பாட்டிக்குக் காலையில் சாப்பிட்டது மதியம் நினைவிருக்காது. பேரனின் பெயரே மறந்து போகும். பல ஆண்டுகள் நடந்து பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பார். வீட்டுப்பாட நோட்டை மறந்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறோமே, அதுபோன்ற மறதி அல்ல இது. மூளையில் ஏற்படும் நோய். அதை உலகுக்குக் காட்டியவர்தான் அலாய்ஸ் அல்சைமர்.

ஜெர்மனியின் பவேரியா பகுதியில் உள்ள மார்க்ட்பிரைட் என்ற சிற்றூரில், 1864ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி அல்சைமர் பிறந்தார். மருத்துவம் படித்து, 1887இல் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் மனநோயாளிகளைக் கட்டிப் போடுவதும், அறையில் பூட்டி வைப்பதும் சாதாரணம். அல்சைமருக்கு அது பிடிக்கவில்லை. நோயாளிகளின் அருகில் அமர்ந்து பொறுமையாகப் பேசுவார். அவர்கள் சொல்வதை எல்லாம் எழுதி வைப்பார். இரவில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து விடுவார். மூளைச் செல்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் முறையில் வல்லவரான பிரான்ஸ் நிஸ்ல் அங்கே அவருக்கு நண்பரானார்.

1901ஆம் ஆண்டு நவம்பரில் அகஸ்டே என்ற பெண்மணியை அந்த மருத்துவமனையில் சேர்த்தனர். அவருக்கு வயது 51தான். அல்சைமர் அவரிடம் கணவரின் பெயரைக் கேட்டார். அவரோ தன் பெயரையே சொன்னார். பேனா, சாவி போன்ற பொருட்களைக் காட்டியபோது சரியாகப் பெயர் சொன்னார். சிறிது நேரம் கழித்துக் கேட்டால், எதைப் பார்த்தோம் என்பதே நினைவில்லை! காலிபிளவர் சாப்பிட்டுக்கொண்டே, கீரை சாப்பிடுவதாகச் சொன்னார். தன் பெயரைக்கூட முழுதாக எழுத முடியவில்லை.

முதுமையில் மறதி வருவது மருத்துவர்களுக்குத் தெரியும். 51 வயதில் ஏன் வந்தது? இந்தக் கேள்வி அல்சைமரை விடவே இல்லை.

அதே 1901ஆம் ஆண்டில்தான் அவருடைய மனைவி இறந்தார். மூன்று குழந்தைகள் தாயை இழந்தனர். அந்தத் துயரத்திலும் அவர் தன் பணியை நிறுத்தவில்லை. 1903இல், புகழ்பெற்ற மருத்துவர் எமில் கிரேப்லினுடன் பணியாற்ற மியூனிக் சென்றார். அங்கிருந்தபடியே அகஸ்டேயின் நிலையைக் கேட்டு அறிந்து வந்தார்.

1906 ஏப்ரலில் அகஸ்டே காலமானார். அவருடைய மூளை ஆய்வுக்காக மியூனிக் வந்தது. அல்சைமர் அதை மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளி உப்புச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். மூளை சுருங்கியிருந்தது. நரம்புச் செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருந்தது. செல்களுக்கு உள்ளே நூல் சிக்கல் போல முடிச்சுகள் கிடந்தன!

1906 நவம்பர் 3ஆம் தேதி டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர்கள் கூட்டத்தில் இதை விளக்கினார். ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அல்சைமர் சோர்ந்து போகாமல், மறு ஆண்டு தன் கண்டுபிடிப்பைக் கட்டுரையாக வெளியிட்டார். 1910இல் கிரேப்லின் தன் பாடநூலில் இந்த நோய்க்கு அல்சைமர் நோய் என்று பெயர் சூட்டினார்.

அவர் பார்த்த திட்டுகளும் முடிச்சுகளும் என்ன? 1980களில்தான் விடை கிடைத்தது. இரண்டுமே புரதங்கள்! வெளியே படிந்தது அமிலாய்டு பீட்டா. உள்ளே சிக்கியது டௌ. தண்டவாளம் விலகாமல் குறுக்குக் கட்டைகள் பிடித்துக்கொள்கின்றன அல்லவா? அதுபோல, நரம்புச் செல்லுக்குள் சத்துப் பொருட்கள் செல்லும் பாதையை டௌ தாங்கிப் பிடிக்கிறது. அது கழன்று முறுக்கிக்கொண்டால் பாதை குலைகிறது, செல் மடிகிறது.

மூளையில் துப்புரவுப் பணியாளர்களும் உண்டு. மைக்ரோகிளியா என்ற செல்கள்தான் அவை. அமிலாய்டு குப்பையைத் தின்று அகற்றுவது அவற்றின் வேலை. குப்பை குவிந்துகொண்டே போனால் அவை ஓயாமல் வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன. காயம்பட்ட இடம் வீங்குவது போல மூளையில் அழற்சி உண்டாகிறது. காக்க வந்த செல்களாலேயே நல்ல நரம்புச் செல்களும் பாதிக்கப்படுகின்றன.

அமிலாய்டை அகற்றும் சில மருந்துகள் இப்போது வந்துள்ளன. 2023இல் அமெரிக்கா அவற்றில் ஒன்றுக்கு முழு அனுமதி அளித்தது. தொடக்க நிலையில் கொடுத்தால் நோயின் வேகத்தை அவை ஓரளவு குறைக்கும். ஆனால், போன நினைவை மீட்டுத் தரும் மருந்து இன்னும் இல்லை.

1912இல் அல்சைமர் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்த நகரம் இன்று போலந்தில் உள்ளது. அங்கே செல்லும் வழியிலேயே ரயிலில் நோயுற்றார். அதிலிருந்து முழுமையாக மீளாமல், 1915 டிசம்பர் 19ஆம் தேதி தன் 51வது வயதில் மறைந்தார்.

அவர் எழுதி வைத்த அகஸ்டேயின் மருத்துவக் குறிப்பேடு பல ஆண்டுகள் காணாமல் கிடந்து, 1995இல் பிராங்க்பர்ட்டில் கிடைத்தது. அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும், அகஸ்டே தந்த ஒவ்வொரு பதிலும் அதில் இருந்தன.

ஆண்டுதோறும் செப்டம்பர் 21ஆம் தேதி உலக அல்சைமர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. குழந்தைகளே! உங்கள் தாத்தாவோ பாட்டியோ கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள், கேலி செய்யாதீர்கள். பத்தாவது முறையும் முதல் முறை போலவே பதில் சொல்லுங்கள். மருந்தால் முடியாததை அன்பான பேச்சு கொஞ்சமாவது செய்யும்.