வண்டியைக் கழற்றிப் பார்த்தவர்

உங்க பைக் மெக்கானிக் ஷெட்ல பிரிஞ்சு கிடக்கும்போது நீங்க என்ன பண்ணுவீங்க? மூலக்கொத்தளத்துல நான் ஓரமா நின்னு போன் பார்ப்பேன்.

ஜி.டி.நாயுடு அப்படியில்லை. 1893-ல் கோவை பக்கத்துல கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு சின்ன வயசுலயே நின்னுபோச்சு. ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அவ்வளவுதான், வேற எதுவும் ஓடலை. கோவைக்குப் போய் ஹோட்டல்ல சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கினதும் ஊர் சுத்தலை. பாகம் பாகமா கழற்றி, திரும்பப் பூட்டிக் கத்துக்கிட்டார்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ் விட்டார். அதுவே யூ.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் மின் மோட்டார் தயாரிப்பிலும் இறங்கினார். 1945-ல் கோவையில் பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார், இன்றைய ஜி.சி.டி. அதுதான். நாலு வருஷப் படிப்பு வீண், ரெண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கலை, விலகிட்டார். 1974-ல் மறைந்தார்.

நாலாவது வருஷத்துல இருக்கேன். பிளேஸ்மென்ட் ஓடுது. ஆனா ஒரு இன்ஜினைக்கூட என் கையால கழற்றினதில்லை. இந்த ஞாயிறு ஷெட்டுக்குப் போறேன், போனை வீட்டுல வச்சிட்டு. நீங்களும் வர்றீங்களா?