வெம்மையை அளந்த அறிஞர்

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லையாற்று நீரால் வளம் பெற்று விளங்குவது உத்தமபாளையம். அவ்வூருக்குத் தென்கிழக்கே உயர்ந்து தோன்றும் மலைகளைக் கடந்து சென்றால், மறுபுறத்து அடிவாரத்தில் வத்திராயிருப்பு என்னும் சிற்றூரைக் காணலாம். அவ்வூரிலே 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். அவருடைய தந்தையார் உழவுத் தொழில் உடையவர். தமிழும் வடமொழியும் கற்றவர்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கற்ற கிருஷ்ணன், பின்னர்க் கல்கத்தா சென்று சர் சி. வி. இராமனுடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1928இல் உலகப் புகழ் பெற்ற இராமன் விளைவைக் கண்டறிவதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1940இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

1947இல் டில்லியில் அமைந்த தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்திற்கு அவரே முதல் இயக்குநர் ஆனார். அக்காலத்தில் படியும் மணங்கும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. ஓர் ஊரின் படி மற்றோர் ஊரில் செல்லாதெனின், வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் வழக்கே மிகும். வெப்பநிலைக்கும் இஃது ஒக்கும். ஓர் ஆலையின் வெப்பமானி காட்டும் அளவை மற்றோர் ஆலையின் வெப்பமானியும் காட்டுதல் வேண்டும். நாடு முழுதுக்கும் பொதுவான அளவைகளைப் பேணும் பொறுப்பு அவ்வாய்வுக்கூடத்தைச் சார்ந்தது.

இப்பெரும் பணிக்கிடையிலும் கிருஷ்ணன் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். காற்று நீக்கிய கலத்தில் மெல்லிய கம்பியொன்றை இட்டு, மின்சாரம் செலுத்தினால் அது பழுத்து ஒளிரும். ஆயினும் கம்பி முழுதும் ஒரே வெப்பநிலையில் இராது. இரு முனைகளையும் பற்றியுள்ள பிடிகள் வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் அவை குளிர்ந்திருக்கும். நடுப்பகுதி மிகச் சுடும். ஒவ்வோரிடத்தும் வெப்பநிலை யாது என அறிவது எங்ஙனம்? வெப்பமானியை ஒட்டினாலோ அக்கருவியே வெப்பத்தைச் சிறிது கவர்ந்து, அளக்க வந்த அளவையே மாற்றிவிடும். ஆதலின், மின்சாரத்தால் வரும் வெப்பம், ஒளியாய் வெளியேறும் வெப்பம், முனைகளின் வழியே கடத்தப்படும் வெப்பம் ஆகிய மூன்றையும் வரவு செலவுக் கணக்கைப் போல் ஒப்பிட்டு, கம்பி நெடுகிலும் வெப்பநிலை பரவும் வகையைக் கணிதத்தால் வகுத்தார். 1950களில் தம் மாணாக்கருடன் அதனைக் கட்டுரைகளாக வெளியிட்டார்.

இன்று நாம் கையாளும் பிளாஸ்டிக் வாளியும் மூடியும் உருவாகும் முறையிலும் இத்தகைய கணக்கே பயன்படுகின்றது. 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிய பிளாஸ்டிக்கைக் குளிர்ந்த உலோக அச்சினுள் அழுத்திச் செலுத்துவர். அச்சைத் தொடும் புறப்பகுதி முதலில் இறுகும். உட்பகுதி பின்னரே ஆறும். ஆறுதல் சீராக இல்லையெனில் பொருள் கோணிவிடும். அச்சின் சில இடங்களிலே உணர்கருவிகளை அமைத்து வெப்பநிலையை அளக்கின்றனர். கருவி புகாத இடத்து நிலையைக் கணிப்பொறியால் கணிக்கின்றனர். கணிப்பு அளவையோடு ஒவ்வாவிடின், கணிப்பையே திருத்துவர்.

1958இல் பட்நாகர் விருதை முதன்முதற் பெற்ற கிருஷ்ணன், 1961ஆம் ஆண்டு மறைந்தார். கண் காணாத இடத்தையும் கணக்கால் காணலாம்; ஆயினும் அக்கணக்கு மெய்யா என்று தீர்ப்பளிப்பது அளவுகோலே. இவ்வுண்மையை அவருடைய வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.