மரபியலின் தந்தை கிரிகோர் மெண்டல்

ஆஸ்திரியப் பேரரசின் சைலீசியப் பகுதியில், இன்று செக் நாட்டுக்குள் அமைந்த ஒரு சிற்றூரில், 1822 ஜூலைத் திங்களில் யோகான் மெண்டல் பிறந்தார். தந்தை சிறு உழவர். வாரத்தில் மூன்று நாள் நிலக்கிழாரின் வேலைக்குச் செல்லக் கடமைப்பட்டவர். 1838இல் மரம் விழுந்து தந்தை படுகாயமுறவே, குடும்பம் நலிந்தது. மகன் அரைவயிற்றோடு படித்தார். பிற மாணவர்க்குப் பாடஞ்சொல்லிப் பொருளீட்டினார். அதுவும் போதாதபோது தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பகுதியைத் தமையனின் கல்விக்கு ஈந்தாள். மெண்டலைப் போற்றுவோருள் பலர் இத்தங்கையை மறந்துவிடுகின்றனர்.

1843இல் புருன் நகரத் துறவிமடத்தில் சேர்ந்து கிரிகோர் என்னும் பெயர் பெற்றார். ஆசிரியர் தகுதித் தேர்வில் 1850இல் தோற்றார். இடையே வியன்னாப் பல்கலைக்கழகத்தில் பயின்றும், 1856இல் மீண்டும் தேர்வில் வெற்றி கிட்டவில்லை. அவ்வாண்டே மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆய்வைத் தொடங்கினார்.

பட்டாணிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. மெண்டல் மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளை அகற்றி, வேறு செடியின் மகரந்தத்தைத் தூவினார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் இணைத்தபோது கிடைத்தவை யாவும் உருண்டையே. சுருக்கம் அழிந்தது என்றே எவரும் எண்ணுவர். அவ்விதைகளை விதைத்து விளைந்தவற்றை அவர் எண்ணினார்: 7324 விதைகளுள் 5474 உருண்டை, 1850 சுருங்கியவை, ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மறைந்திருந்த பண்பு சிறிதும் குன்றாமல் மீண்டது. ஒவ்வொரு பண்புக்கும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு காரணிகள் உள. அவை கலந்து கரைவதில்லை. வெளிப்படுவது ஓங்கு பண்பு, மறைந்து நிற்பது ஒடுங்கு பண்பு. இப்பெயர்கள் உயர்வு தாழ்வைக் குறிப்பன அல்ல என்பதை நம் மாணவர் மனத்திற் கொள்ளல் வேண்டும். உருண்டை விதையிலிருந்து வளர்ந்த 565 செடிகளைச் சோதித்ததில், 193 மட்டுமே தூய உருண்டை. ஏனைய 372உம் சுருக்கத்தை உள்ளே தாங்கியிருந்தன. புறத்தோற்றம் பிறப்பின் உள்ளடக்கத்தைக் காட்டுவதில்லை.

ஏறத்தாழ 28,000 செடிகளை ஆராய்ந்த முடிவுகளை 1865இல் புருன் அறிவியற் கழகத்தில் படித்தார். மறு ஆண்டு அவை அச்சேறின. பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. 1868இல் மடத்தலைவரானபின் நிருவாகமும் வரி வழக்கும் அவர் காலத்தை விழுங்கின. 1884இல் மறைந்தார். 1900இல்தான் தெ விரீசு, காரென்சு, செர்மாக் ஆகியோரின் ஆய்வுகளால் அவ்விதிகள் உலகறிந்தன.

தங்கைக்குப் பட்ட கடனை மெண்டல் தம் வாழ்நாளிலேயே தீர்த்தார். அவளுடைய மூன்று ஆண்மக்களும் கல்வி பெற உதவினார். அவர்களுள் இருவர் மருத்துவராயினர்.