உழவுசாலில் பிறந்த டி.வி.

நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. இந்த முறை ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் என்ற விஞ்ஞானியின் கதையை எழுதுகிறேன்.

அவரை நான் தேடிப் போனதுக்குக் காரணம் எங்க வீட்டு டி.வி. பாட்டிக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த 14 இஞ்ச் டி.வி. போன மாசம் ஒரேயடியாகப் போய்விட்டது. சீட்டுப் பணத்தில் 43 இஞ்ச் வாங்கலாம் என்று அப்பா டவுனுக்குப் போனாங்க. கடைக்காரர் 1080 கோடு உள்ளதை விட்டுட்டு 2160 கோடு உள்ள 4கே வாங்கச் சொன்னாராம். ஏழாயிரம் ரூபாய் அதிகம். அந்த ஏழாயிரம் பாட்டி கண்ணைக் காட்ட எடுத்து வைத்தது என்று அம்மா சண்டை. டி.வி.யில் ஏது கோடு என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவங்கதான் இவர் பெயரைச் சொன்னாங்க.

டி.வி. என்றால் பொது அறிவுப் புத்தகத்தில் ஜான் பேர்டு என்று இருக்கும். தப்பில்லை. அவர் 1926-ல் லண்டனில் காட்டினார். ஆனால் அது தட்டு சுற்றுகிற டி.வி. படத்தில் சுமார் 30 கோடுதான். தட்டே இல்லாமல் எலக்ட்ரானைக் கொண்டு கோடு போட்டவர் ஃபார்ன்ஸ்வொர்த்.

அவர் 1906 ஆகஸ்ட் 19-ல் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பிறகு ஐடஹோ மாநிலத்தில் ரிக்பி என்ற ஊருக்குப் போனார்கள். புது வீட்டில் மின்சாரம் இருந்தது, பரணில் பழைய அறிவியல் பத்திரிகைகளும் கிடந்தன. பையனுக்கு வேறென்ன வேணும்! 1921-ல் குதிரை பூட்டி வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். வயல் முழுக்க வரிசை வரிசையாக உழவுசால். படத்தையும் இதே மாதிரி மேலிருந்து கீழே ஒவ்வொரு சாலாகப் பிரித்து அனுப்பினால் என்ன என்று தோன்றியது. அப்போது அவர் வயசு 14. என் வயசு! (நான் வயலுக்குப் போனால் கொக்கைத்தான் பார்ப்பேன்.)

அடுத்த வருஷம் வேதியியல் ஆசிரியர் ஜஸ்டின் டோல்மனிடம் கரும்பலகை நிறையப் படம் போட்டு விளக்கினார். நோட்டுத்தாளிலும் வரைந்து கொடுத்தார். ஆசிரியர் அதைத் தூக்கிப் போடவில்லை.

1924-ல் அப்பா இறந்துவிட்டார். படிப்பு தடைப்பட்டது. 1926-ல் எல்மாவைக் கல்யாணம் செய்தார். சான்பிரான்சிஸ்கோவில் ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். 1927 செப்டம்பர் 7 அன்று ஒரு கண்ணாடியில் இருந்த ஒற்றைக் கோட்டை அடுத்த அறையில் இருந்த திரைக்கு அனுப்பினார். இங்கே கண்ணாடியைத் திருப்பினால் அங்கே கோடும் திரும்பியது. அன்று அவருக்கு வயது 21. 1929-ல் எல்மாவின் முகமே திரையில் வந்தது. படம் மூன்றரை இஞ்ச்தான், அதிலும் கண்ணை மூடியிருக்காங்களாம்!

பிறகுதான் வந்தது வம்பு. ஆர்.சி.ஏ. என்ற பெரிய கம்பெனி, டி.வி. எங்கள் விஞ்ஞானியுடையது என்று வழக்காடியது. அப்போது டோல்மன் சாட்சி சொன்னார், அந்தப் பழைய நோட்டுத்தாளையும் எடுத்துக் காட்டினார். 1934-ல் தீர்ப்பு ஃபார்ன்ஸ்வொர்த் பக்கம் வந்தது. 1939-ல் அதே கம்பெனி அவருக்குப் பத்து லட்சம் டாலர் தர ஒத்துக்கொண்டது. ஆனால் உலகப்போரில் டி.வி. தொழில் நின்றுபோனது, காப்புரிமைக் காலமும் முடிந்தது. நிலாவில் மனிதன் நடந்ததை 1969-ல் மனைவியோடு டி.வி.யில் பார்த்தார். 1971 மார்ச் 11-ல் காலமானார். கடைசியில் பணக் கஷ்டம்தான். எனக்கு இதைப் படித்தபோது ரொம்ப வருத்தமாக இருந்தது.

இப்போ எங்க டி.வி.க்கு வருகிறேன். உழுத வயலை வரப்பில் நின்று பார்த்தால் ஒவ்வொரு சாலும் தெரியும். ரோட்டில் இருந்து பார்த்தால் விரித்த போர்வை மாதிரி ஒன்றாகத்தான் தெரியும். திரையும் அப்படித்தான். நல்ல கண்ணுக்கு 11 அடி தூரத்தில் 1 மில்லிமீட்டர் இடைவெளி தெரியும், அதுக்குக் கீழே கலந்துவிடும் என்று டீச்சர் சொன்னாங்க. 43 இஞ்ச் திரையின் உயரம் சுமார் 53 செ.மீ. அதை 1080-ஆல் வகுத்தால் ஒரு கோடு அரை மில்லிமீட்டர். அதைப் பிரித்துப் பார்க்க ஐந்தரை அடிக்குள் உட்காரணும். அம்மாவின் தையல் டேப்பால் அளந்தேன். எங்க வீட்டில் டி.வி. பலகைக்கும் சுவருக்கும் 9 அடி! அதோடு சாதாரண கேபிள் சேனலில் வருவதே 576 கோடுதான்.

பாட்டி மட்டும் மூணு அடியில் உட்காருவாங்க. ஆனா அவங்களுக்குக் கண்ணில் புகை படிந்த மாதிரி இருக்காம். எத்தனை கோடு இருந்தாலும் என்ன தெரியும்?

கணக்கை நோட்டில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். ரெண்டு தடவை படிச்சாங்க. ஞாயிற்றுக்கிழமை பாட்டியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறோம். திரும்பும்போது டி.வி. கடை. டேப்பை எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க.