பறக்காத கிளியின் காவலர்

கிளி என்றால் பறக்கும். பறக்காத கிளி உண்டா?

உண்டு. நியூசிலாந்து நாட்டில் இருக்கிறது. அதன் பெயர் காகபோ. பச்சை நிறம். நன்கு வளர்ந்த ஆண் கிளி 4 கிலோ வரை எடை இருக்கும். பகலில் உறங்கும். இரவில் நடந்தே போய் இரை தேடும்.

இந்தக் கிளியைக் காப்பாற்றப் பாடுபட்டவர் ரிச்சர்டு ஹென்றி. அவருடைய கதை இது.

எதிரி இல்லாத நாடு

நியூசிலாந்து நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த நாடு. அடுத்த பெரிய நிலமான ஆஸ்திரேலியா சுமார் 1,000 மைலுக்கு அப்பால் இருக்கிறது. ஆதியில் அங்கே பூனை இல்லை, நரி இல்லை, எலிகூட இல்லை. தரையில் வாழும் பாலூட்டி என்று சொல்ல வௌவால்தான் உண்டு.

துரத்த ஆள் இல்லாதபோது பறப்பானேன்? பல பறவைகள் பறப்பதையே மறந்துவிட்டன. தரையிலேயே முட்டையிட்டன. ஆபத்து என்றால் காகபோ ஓடாது. அசையாமல் நிற்கும். வானத்திலிருந்து பாயும் கழுகை அப்படி ஏமாற்றலாம். மோப்பம் பிடித்து வரும் மிருகத்தை ஏமாற்ற முடியுமா?

பிறகு மனிதர்கள் வந்தார்கள். மாவோரி மக்களோடு எலியும் நாயும் வந்தன. வெள்ளைக்காரர்களோடு பூனையும் முயலும் வந்தன. முயல்கள் பெருகிப் புல்லையெல்லாம் தின்றன. ஆடு வளர்ப்பவர்கள் கூக்குரலிட்டார்கள். முயலை ஒழிக்க, 1880-களில் ஸ்டோட் என்ற பிராணியைக் கொண்டுவந்து விட்டார்கள். பார்ப்பதற்குக் கீரி போல இருக்கும். அது முயலோடு நிற்கவில்லை. பறவைகளையும் கொன்றது.

தீவுக்குப் போனார்

ரிச்சர்டு ஹென்றி 1845-ல் அயர்லாந்தில் பிறந்தவர். சிறுவயதில் ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். பின்னர் நியூசிலாந்து போய், டெ அனாவ் ஏரிக் கரையில் குடியிருந்தார். பெரிய படிப்பு இல்லை. ஆனால் பறவைகளை நாள் முழுவதும் கவனிப்பார். ஸ்டோட் வந்தால் பறவைகள் அழியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தென்மேற்குக் கோடியில் ரெசல்யூஷன் தீவு இருக்கிறது. அதைப் பறவைகளின் புகலிடமாக அரசாங்கம் ஒதுக்கியிருந்தது. 1894-ல் ஹென்றியை அதற்குக் காவலராக நியமித்தார்கள். அப்போது அவருக்கு வயது 49.

மழை ஓயாத இடம் அது. ஊர் இல்லை, கடை இல்லை. எப்போதாவது கப்பல் வரும். ஹென்றி தம் நாயின் வாயைக் கட்டிக் கழுத்தில் மணி மாட்டுவார். நாய் மோப்பம் பிடித்துக் கிளி இருக்கும் இடத்தைக் காட்டும், கடிக்க முடியாது. பிடித்த பறவைகளைப் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோவார். இப்படி நூற்றுக்கணக்கான காகபோக்களையும் கிவிகளையும் கரையிலிருந்து தீவில் சேர்த்தார்.

வந்தது எமன்

1900-ம் ஆண்டு. கப்பலில் வந்த சுற்றுலாப் பயணிகள் ஒரு செய்தி சொன்னார்கள். தீவில் கீரி போன்ற பிராணி ஒன்று பறவையைத் துரத்தியதைப் பார்த்தார்களாம்.

ஹென்றியின் நெஞ்சு பதறியது. பொறி வைத்தார். தேடி அலைந்தார். சில மாதங்கள் கழித்து அவர் கண்ணிலேயே அது பட்டது. ஸ்டோட்தான்! கரைக்கும் தீவுக்கும் இடையே ஒரு மைல்கூட இல்லை. அது நீந்தியே வந்துவிட்டது.

ஆறு ஆண்டு உழைப்பு வீணாகிவிட்டது. ஆனாலும் அவர் உடனே ஓடிவிடவில்லை. 1908 வரை அங்கேயே இருந்தார். பறக்காத பறவைகளைப் பற்றி 1903-ல் ஒரு புத்தகமும் வெளியிட்டார். காகபோ ஆண்டுதோறும் குஞ்சு பொரிப்பதில்லை என்பதை அன்றே கண்டறிந்தார். பிறகு கபிட்டி தீவில் சிறிது காலம் காவலராக இருந்தார்.

1929-ல் அவர் காலமானார். சவ அடக்கத்துக்கு அந்த ஊர்த் தபால் அதிகாரி ஒருவர்தான் வந்தார் என்று சொல்கிறார்கள்.

கிளிக்கு அவர் பெயர்

ஹென்றி தோற்றார். அவருடைய யோசனை தோற்கவில்லை. எதிரி இல்லாத தீவுக்குப் பறவையைக் கொண்டுபோக வேண்டும் என்பதே அந்த யோசனை. பிற்காலத்தில் அதிகாரிகள் அதே வழியில் போனார்கள். கரைக்குத் தூரமான தீவுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கிருந்த பூனைகளையும் எலிகளையும் ஒழித்தார்கள்.

1975-ல் தென்மேற்கு மலைக்காட்டில் ஓர் ஆண் காகபோவைப் பிடித்தார்கள். அதற்கு ரிச்சர்டு ஹென்றி என்றே பெயர் வைத்தார்கள். அந்த வட்டாரத்துக் காகபோக்களில் கடைசியாக மிஞ்சியது அதுதான். 1998-ல் அதற்கு மூன்று குஞ்சுகள் பிறந்தன. 2010-ல் அது இறந்தது. அதன் வம்சம் மட்டும் நிற்கவில்லை.

1995-ல் உலகிலேயே 51 காகபோக்கள்தான் இருந்தன. 2022-ல் அந்தக் கணக்கு 252 ஆக உயர்ந்தது.

கண்ட பலன் இல்லையே என்று ஹென்றி மனம் நொந்திருக்கலாம். மரம் நட்டவர் எல்லாரும் பழம் தின்பதில்லை. ஆனாலும் யாராவது ஒருவர் நட்டால்தானே பழம் கிடைக்கும்!