ஜேன் ஆடம்ஸ் அம்மையார்

வாலிபப் பருவத்தைக் காட்டாற்று வெள்ளத்துக்கு ஒப்பிடுவது நம்மவர் வழக்கு. கரை உடைந்தபின் வெள்ளத்தை நோவார் பலர். உடையுமுன் வாய்க்கால் வெட்ட முயல்வார் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் ஜேன் ஆடம்ஸ் அம்மையார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுகின்றோம்.

அம்மையார் 1860-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இல்லினாய்ஸ் மாகாணத்துச் சீடர்வில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளங்குழவிப் பருவத்திலேயே அன்னையை இழந்தார். தந்தையார் மாவாலை உடைய செல்வர். மாகாணச் சட்டசபையிலும் அங்கம் வகித்தவர். 1881-ஆம் ஆண்டு ராக்போர்டு கலாசாலையில் கல்வி முற்றுப்பெற்றது. அவ்வாண்டே தந்தையும் காலமானார். மருத்துவம் கற்கப் புகுந்த அம்மையார் நோயினால் அதனை இடையில் விடுத்தார். கற்ற கல்வியை எவ்வாறு பயன்படுத்துவது என்றறியாது ஆண்டுகள் பல கழிந்தன. 1888-ஆம் ஆண்டு, கற்ற இளைஞர் ஏழை மக்களிடையே குடியிருந்து தொண்டாற்றும் டாயின்பி ஹால் என்னும் நிலையத்தை லண்டன் மாநகரிற் கண்டார். வழி புலப்பட்டது. மறு ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் தோழியார் எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் சிக்காகோ நகரின் ஹால்ஸ்டெட் தெருவில், ஹல் மாளிகை என்னும் பழைய வீட்டிற் குடிபுகுந்தார்.

அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் விழாவிற்கு வந்த சிறுமியர் சிலர், அன்புடன் நீட்டிய மிட்டாயை ஏற்க மறுத்தனர். காரணம் உசாவியபோது, அவர்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் விடியல் முதல் இரவு வரை உழைப்பவரென்பதும், அதனைக் காணவும் பொறாதவரென்பதும் தெரியவந்தன. பின்னர், மாளிகைக்கு வரும் சிறுவர் மூவர் ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்துக் காயமுற, ஒருவன் உயிர் நீத்தான். சில டாலர் செலவில் அமைக்கத்தக்க காப்பு அவ்வியந்திரத்துக்கு இல்லாமையே அதற்குக் காரணம்.

இரக்கம் மட்டும் இத்தீமையை நீக்காதென அம்மையார் உணர்ந்தார். மாளிகையில் வாழ்ந்தோர் வீடுதோறும் சென்று, குடியிருப்போரின் நாட்டினையும் கூலியினையும் கணக்கெடுத்தனர். சிறு நிலப்பரப்பில் 18 நாட்டினர் நெருங்கி வாழ்ந்ததைக் காட்டும் வரைபடங்களுடன் 1895-ஆம் ஆண்டு அவ்வாராய்ச்சி நூலாயிற்று. அதற்கு முன்னரே, மாளிகையினரான பிளாரன்ஸ் கெல்லி அம்மையார் முதலியோரின் முயற்சியால், 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் 1893-இல் இல்லினாய்சில் நிறைவேறியது.

சிறு குற்றம் புரிந்த பாலரையும் முதிர்ந்த கள்வரோடு சிறையிலடைப்பது அக்கால வழக்கம். ஜூலியா லேத்ராப் அம்மையார் முதலியோர் உழைத்ததன் பயனாக, 1899-ஆம் ஆண்டு சிக்காகோவில் அந்நாட்டின் முதற் சிறுவர் நீதிமன்றம் தோன்றியது. அதன் ஏடுகளை ஜேன் ஆடம்ஸ் ஊன்றி நோக்கினார். இருப்புப்பாதையோரம் நெருப்பு மூட்டியவன், ஓடும் வண்டியை நிறுத்தக் கொடி காட்டியவன், வண்டிச் சாளரத்திற் கல்லெறிந்தவன் என நிரல் நீண்டது. பிறர் இவற்றிற் கயமையைக் கண்டனர். அம்மையாரோ வீரச் செயலுக்கு ஏங்கி, அதற்குத் தக்க இடம் காணாத இளநெஞ்சத்தைக் கண்டார். பகலெல்லாம் சிறுவரின் உழைப்பைக் கொள்ளும் நகரம், இரவில் அவர்களது களிப்பை மதுக்கடையாரின் ஊதியத்துக்கு விட்டுவிடுகின்றதென 1909-இல் வெளியிட்ட நூலொன்றில் வாதித்தார். அவ்வாண்டே சிறுவர் குற்றத்தின் காரணங்களை ஆராயும் நிலையமொன்று வில்லியம் ஹீலி என்னும் மருத்துவரின் தலைமையில் நிறுவப்பெற்றது.

கண்டதைச் செயலிலும் காட்டினார். விளையாட்டுத் திடலும் நாடக மேடையும் இசைப் பள்ளியும் தொழிற்கூடமும் மாளிகையைச் சூழ்ந்தெழுந்தன. பிற்காலத்து இசையுலகிற் பெரும்புகழ் பெற்ற பென்னி குட்மன், ஏழைச் சிறுவனாக அங்குக் குழலூதப் பயின்றவரே.

எடுத்தன யாவும் நிலைபெற்றனவல்ல. குழந்தையுழைப்பைத் தடுக்க 1916-இல் இயற்றிய நாடளாவிய சட்டத்தை 1918-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. சிறுவர் நீதிமன்றங்களிலும் குறை நேர்ந்தது. நன்மை செய்வதாகக் கருதிய நடுவர்கள், வழக்குரைஞரின் துணையுமின்றிச் சிறுவரைத் தண்டித்ததுண்டு. 1967-இல் உச்ச நீதிமன்றம் அவர்க்குரிய உரிமைகளை வற்புறுத்த வேண்டியதாயிற்று. அன்பும் முறை தவறலாகாதென்பதை இஃது உணர்த்தும்.

முதல் உலகப் போரை எதிர்த்தமையால் அம்மையார் தம் நாட்டினரது பெரும்பழிக்கு ஆளானார். ஆயினும், 1931-இல் நோபெல் சமாதானப் பரிசின் ஒரு பங்கு அவரை வந்தடைந்தது. 1935-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் உலக வாழ்வை நீத்தார்.

இளைஞரைத் திருத்தவேண்டிய குறையாகக் கொள்ளாது, வளர்க்கவேண்டிய ஆற்றலாகக் கொள்ளுமாறு இக்காலத்து ஆராய்ச்சியாளரும் கூறுகின்றனர். நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் விளங்கவிருக்கும் மாணவர்களே, குற்றம் புரிந்த சிறுவனொருவன் நும்முன் நிற்குங்கால், அவன் எதனை நாடினான் என்று முதற்கண் வினவுமின். அவ்வினாவினின்றே அம்மையாரின் தொண்டனைத்தும் விளைந்தது.